சிப்பாயும் சீலமும்

(மைசூர் ஹெப்பாளில், வைகாசிப் பௌர்ணமி மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய அறவுரை)



திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி அமர்ந்திருக்கின்றோம். ஐந்து சீலங்களுள் முதலாவது யாது? உயிர்க்கொலை தவிர்த்தல். இதனை வாயால் ஓதுவது எளிது. நாமெல்லாம் ஆலையிலும் பட்டறையிலும் உழைத்து, சங்கு ஊதியதும் வீடு திரும்புகிற மக்கள். நம் கையில் எவரும் துப்பாக்கியைக் கொடுப்பதில்லை. ஆதலின் முதற்சீலம் நமக்கு ஒரு பாரமாகத் தோன்றுவதில்லை. ஆனால் சென்ற பௌர்ணமியன்று, கூட்டம் கலைந்து பாய்களைச் சுருட்டிக் கொண்டிருந்தபோது, நம் தெருப்பிள்ளை ஒருவர் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார்.

“ஐயா, நான் பட்டாளத்துக்கு மனுப் போட்டிருக்கிறேன். நான்கு ஆண்டு அக்னிவீர் சேவை. ஓட்டத்தேர்வு முடிந்தது. இனி நான் இங்கு வந்து முதற்சீலத்தை ஓதலாமா? ஓதினால் அது பொய்யாகாதா?”

அவருடைய தாயார் செருப்பு விடும் இடத்தில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டின் கடனையும், தகப்பன் இல்லாத நிலையையும் யான் அறிவேன். அதனால் வாயில் வந்ததைச் சொல்லி அனுப்ப மனம் துணியவில்லை. “தம்பி, எனக்கு ஒரு மாதம் தவணை கொடு” என்றேன். அந்தத் தவணை இன்று முடிகின்றது.

இந்தக் கேள்வி புதியதன்று. பகவன் புத்தரிடமே கேட்கப்பட்ட கேள்வி இது. சம்யுத்த நிகாயத்தில், போரைத் தொழிலாகக் கொண்ட ஒரு தலைவன் பகவனிடம் வருகின்றான். போர்க்களத்தில் ஊக்கத்தோடு பொருது மாள்பவன் தேவருலகம் அடைவான் என்று தன் முன்னோரும் ஆசிரியரும் சொல்லி வந்ததைக் கூறி, தங்கள் கருத்து யாது என்று வினவுகின்றான். பகவன் உடனே விடை கூறவில்லை. கேட்கவேண்டா என்று விலக்குகின்றார். இரண்டாம் முறையும் விலக்குகின்றார். மூன்றாம் முறை கேட்டபோதுதான் உண்மையைச் சொல்கின்றார். பிறர் அழிக என்ற எண்ணம் நிரம்பிய நெஞ்சோடு மடிகிறவன் தேவருலகம் அடைவதில்லை. அவன் போகும் இடம் துன்பம் நிறைந்தது என்கின்றார். அந்தத் தலைவன் அழுகின்றான். ஏன் அழுதான்? பகவன் கடுஞ்சொல் சொன்னதற்காக அன்று. இத்தனை காலமும் ஆசிரியர்களால் ஏமாற்றப்பட்டேனே என்று அழுதான்.

அன்பர்களே, இதில் இரண்டு செய்திகள் உள்ளன. பகவன் போர்வீரனை வெறுத்து விரட்டவில்லை; அவன் மனம் நோகுமே என்று இருமுறை தயங்கினார். ஆனால் அவனை மகிழ்விப்பதற்காகப் பொய் சொல்லவும் இல்லை. இன்று நானும் அந்த இரண்டையும் கைக்கொள்ள வேண்டியவனாக இருக்கின்றேன். சூத்திரத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் தம்பிக்கு வழி தெரியாது. ஆகவே ஒரு சிப்பாயின் வாழ்க்கையைச் சொல்கின்றேன். அவர் பௌத்தர் அல்லர், அரசரும் அல்லர், இமயமலைச் சாரலில் பிறந்த ஒரு காலாட்படைச் சிப்பாய். சந்திர சிங் கர்வாலி என்பது அவர் பெயர்.

இவருடைய வரலாற்றை இந்தியில் நூலாக எழுதியவர் ராகுல் சாங்கிருத்தியாயன். 1930 ஆம் ஆண்டு இலங்கையில் சீவரம் தரித்துப் பிக்குவானவர் அவர். பின்னர் சீவரத்தை நீக்கினார்; எனினும் அவர் பௌத்த நூல்களுக்காகத் திபெத்துக்கு மீண்டும் மீண்டும் நடந்த பேரறிஞர். திரிபிடகம் கற்ற அந்த மனிதர் ஒரு சிப்பாயின் கதையை எழுத முன்வந்தார் என்பதே என்னை அந்த வாழ்க்கையின்பால் ஈர்த்தது.

சந்திர சிங் 1891 ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று பௌரி கர்வால் நாட்டில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். என்னைப் போலவே முறையான பள்ளிப்படிப்பு இல்லாதவர். மலைநாட்டில் நிலம் குறைவு, வயிறுகள் அதிகம். 1914 இல் உலகப்போர் மூண்டபோது லான்ஸ்டவுனில் இருந்த கர்வால் துப்பாக்கிப் படையில் சேர்ந்தார். கொலை செய்யும் ஆசையால் சேர்ந்தவர் எத்தனை பேர்? சோற்றுக்கும் துணிக்கும் வீட்டுக்கு அனுப்பும் சம்பளத்துக்கும் சேர்ந்தவர்களே மிகுதி. அன்று அப்படி; இன்றும் பெரும்பாலும் அப்படியே.

1915 இல் அவர் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். இந்தியாவிலிருந்து அந்தப் போருக்காகக் கடல் கடந்தவர் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். மாண்டவர் ஏறத்தாழ 74,000 பேர். நம் மைசூர்க் குதிரைப்படையினரும் போனார்கள். 1918 செப்டம்பர் 23 அன்று பாலஸ்தீனத்தின் ஹைபா நகரைப் பிடித்த போரில் அவர்களுக்குப் பங்கு உண்டு. குதிரைமீது ஈட்டியோடு பாய்பவனைச் சிலையாக வடிக்கலாம். காலாட்படைச் சிப்பாயின் பாடு அப்படிப்பட்டதன்று. பதுங்குகுழிச் சேற்றில் முழங்கால் புதைய நின்று, பனியில் விறைத்து, பக்கத்தில் நின்றவன் விழ அந்த இடத்துக்கு இன்னொருவன் நகர்வதே அவன் போர். பிரான்சில் கர்வால் படையின் இரண்டு பிரிவுகளும் ஆள் குறைந்து, 1915 இல் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டிய நிலை ஏற்பட்டது. பின்பு 1917 இல் சந்திர சிங் மெசப்பொட்டேமியாப் போர்முனைக்குச் சென்றார்.

போர் முடிந்தது. படைகள் குறைக்கப்பட்டன. போர்க்காலத்தில் பதவி உயர்வு பெற்றவர்கள் பலர் கீழிறக்கப்பட்டனர். சந்திர சிங்கும் மீண்டும் வெறும் சிப்பாயாக்கப்பட்டார். ஆயினும் படையைவிட்டு விலகவில்லை. பின்னர் வடமேற்கு எல்லையில் சேவை புரிந்து அவில்தாராக உயர்ந்தார். அந்த ஆண்டுகளில் செய்தித்தாள் படித்தார். நாட்டில் நடப்பதைக் கவனித்தார். தன்னைத்தானே கற்பித்துக்கொண்டார்.

இனி 1930 ஆம் ஆண்டு ஏப்ரல் 23. இடம், பெஷாவர் நகரின் கிஸ்ஸா கவானி கடைவீதி. வழிப்போக்கரும் வணிகரும் அமர்ந்து கதை பேசிய வீதி அது. பெயரின் பொருளே அதுதான். அன்று கான் அப்துல் கபார் கான் கைது செய்யப்பட்டார். நகரத் தலைவர்களும் கைதாயினர். மக்கள் வீதியில் திரண்டனர். கையில் ஆயுதம் இல்லை. அவர்களுக்கு எதிரே கர்வால் படையின் இரண்டாம் பிரிவு நிறுத்தப்பட்டது. சுடும்படி ஆங்கில அதிகாரி கட்டளையிட்டார். பக்கத்தில் நின்ற அவில்தார் சந்திர சிங், சுடாதீர் என்று தம் மக்களை நோக்கிக் கூவினார். துப்பாக்கிகள் தாழ்ந்தன. ஆயுதமற்ற மக்களை நாங்கள் எப்படிச் சுடுவது என்பதே அதிகாரிக்கு அவர் அளித்த விடை.

இந்தக் காட்சியின் பெருமை விளங்க, இதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முந்திய இன்னொரு காட்சியை நினைவுகூர வேண்டும். 1919 ஏப்ரல் 13, அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக். அங்கும் ஆயுதமற்ற கூட்டம். அங்கும் நம் நாட்டுச் சிப்பாய்களே ஏறத்தாழ 50 பேர் துப்பாக்கி பிடித்து நின்றனர். கட்டளை வந்தது, சுட்டனர். 1,650 தோட்டாக்கள். மாண்டோர் 379 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. மக்கள் கணக்கு அதனினும் மிகப் பெரிது. அந்த 50 பேரும் கொடியவர்களா? அல்லர். அவர்களும் ஏழைக் குடியானவர் பிள்ளைகளே. பின் வேறுபாடு எங்கே?

வேறுபாடு கட்டளை வந்த கணத்தில் தோன்றியதன்று. அதற்கு முன்னரே விளைந்தது. பெஷாவரில் கர்வாலிச் சிப்பாய்களிடம், இவ்வூர் முஸ்லிம்கள் இந்துக்களைத் துன்புறுத்துகின்றனர். அவர்களைச் சுட நேரலாம் என்று சொல்லப்பட்டது. வெறுப்பை முதலில் ஊட்டினால் விரல் பின்னர் எளிதாக அசையும் என்பது ஆள்வோர் அறிந்த சூத்திரம். ஆனால் பாசறையில் இரவு நேரங்களில் சந்திர சிங் தம் தோழர்களிடம் வேறு பேச்சுப் பேசினார். இஃது இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் உள்ள சண்டையன்று, நாட்டு விடுதலைக்கான கிளர்ச்சி என்று விளக்கினார். அவர்கள் மனத்தில் ஊன்றப்பட்ட நச்சு விதை முளைக்கவில்லை. ஆகவே கட்டளை வந்தபோது எதிரே நின்றவர்கள் பகைவராகத் தெரியவில்லை, மனிதராகத் தெரிந்தனர். எண்ணமே வினை என்று பகவன் கூறியதன் பொருள் இதுவன்றோ? விரலைத் தடுத்தது விரலன்று. முன்பே பழக்கப்பட்ட நெஞ்சு தடுத்தது.

ஆயினும் ஒன்றை மறைக்கக்கூடாது. கர்வாலிகள் மறுத்ததனால் அன்று சாவு நின்றுவிடவில்லை. கவச வண்டிகளிலிருந்தும் வேறு படையினராலும் சுடப்பட்டு அந்த வீதியில் பலர் மாண்டனர். நல்லது செய்தால் உடனே நல்லது நடக்கும் என்று எண்ணுபவர்களுக்கு இது கசப்பான செய்தி. சந்திர சிங்கால் உலகத்தின் கையை நிறுத்த முடியவில்லை. தம் கையையும், தம் சொல் கேட்ட தோழர்களின் கைகளையும் நிறுத்தினார். அவ்வளவே ஒரு மனிதனால் ஆகும். அவ்வளவும் ஒரு மனிதனால் ஆகும்.

அதற்கு விலை யாது? படைப்பிரிவின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. அப்போட்டாபாத்தில் இராணுவ நீதிமன்றம் கூடியது. கர்வாலைச் சேர்ந்த வழக்கறிஞர் முகுந்தி லால் அவர்களுக்காக வாதாடினார். சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை. தோழர்கள் பலருக்கு நீண்ட சிறைவாசம். சீருடையும் உடைமையும் போயின. 1931 இல் காந்தி - இர்வின் உடன்படிக்கை ஏற்பட்டு அரசியல் கைதிகள் விடுதலையானார்கள். சிறைக் கதவுகள் திறந்தன. இவர்களுக்குத் திறக்கவில்லை. அதுமட்டுமன்று. காந்தியடிகளே பின்னர் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளரிடம், சுடும் கட்டளையை மீறும் சிப்பாய் தன் உறுதிமொழியை மீறியவன் ஆகின்றான் என்றும், நாளை தமது ஆட்சி வந்தால் அதே சிப்பாய்களை நம்பியிருக்க நேரும் ஆதலால் கீழ்ப்படியாமையைத் தம்மால் கற்பிக்க இயலாது என்றும் கருத்துரைத்தார். அகிம்சையை உலகுக்குப் போதித்தவரிடமிருந்தும் முழு ஆறுதல் கிடைக்கவில்லை! சிறையில் இருப்பவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

காந்தியடிகளின் கருத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. விநயபிடகத்திலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. எல்லைக் கலகத்தை அடக்க அனுப்பப்பட்ட பிம்பிசார மன்னனின் வீரர் சிலர், போருக்குச் செல்வது பாவம் என்று அஞ்சிப் பிக்குகளிடம் வந்து துறவு பூண்டனர். மன்னன் முறையிட்டான். அரசப் பணியில் இருப்பவருக்குத் துறவு அளித்தல் ஆகாது என்று பகவன் விதி வகுத்தார். தம்மம் ஒளிந்துகொள்ளும் இடமன்று. ஏற்ற கடமையை இரவோடிரவாக உதறிவிட்டுக் காவியில் மறைவதைப் பகவன் ஏற்கவில்லை. ஆனால் அதே பகவன், கட்டளையின் பேரில் செய்த கொலைக்கு வினை இல்லை என்று எங்கும் சொல்லவும் இல்லை.

சந்திர சிங் ஓடி ஒளியவில்லை என்பதைக் கவனியுங்கள். அணியில் நின்றே மறுத்தார். மறுத்தபின் தண்டனைக்குத் தம்மை ஒப்படைத்தார். கடமைக்கும் சீலத்துக்கும் இடையே சிக்கியவனுக்கு இதனினும் நேரான வழி ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிற்காலத்தில் உலகமும் இதனை ஓரளவு ஒப்புக்கொண்டது. 1945-46 இல் நூரம்பர்க் விசாரணையில், மேலிடத்துக் கட்டளை என்பது மட்டுமே குற்றத்திலிருந்து விடுவிக்காது என்று கொள்ளப்பட்டது. நம் நாட்டின் 1950 ஆம் ஆண்டு இராணுவச் சட்டமும், மேலதிகாரியின் சட்டத்துக்கு உட்பட்ட கட்டளையை மீறுவதையே குற்றமாகக் கூறுகின்றது. ‘சட்டத்துக்கு உட்பட்ட’ என்ற அந்தச் சொற்கள் சிறியவை. ஆனால் தம்பி, நீ மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை.

சிப்பாயைப் பற்றி இவ்வளவு பேசும் எனக்கு அந்தத் தகுதி உண்டா? இல்லை என்பதை இச்சபையில் சொல்லியே தீரவேண்டும். இளமையில் யான் ஒரு பஞ்சாலையில் கார்டிங் பகுதியில் வேலை பார்த்தேன். ஆலையின் பெயர் வேண்டா. ஓர் இயந்திரத்தின் காப்பு மூடி பல நாள் உடைந்தே கிடந்தது. சொன்னோம், மாற்றவில்லை. ஓர் இரவு ஷிப்டில் என் பக்கத்தில் நின்ற தோழரின் வலக்கை விரல்கள் மூன்று போயின. மறுநாள் என்னை அழைத்து ஒரு தாளை நீட்டினார்கள். ஓடும் இயந்திரத்தின் மூடியை அவரே திறந்தார், யான் கண்டேன் என்று அதில் எழுதியிருந்தது. எவரும் என்னை அடிக்கவில்லை. சிறை என்று மிரட்டவில்லை. நிரந்தர வேலைப் பட்டியலில் என் பெயர் இருப்பதை மட்டும் நினைவூட்டினார்கள். யான் கையெழுத்துப் போட்டேன். தோழருக்குச் சேரவேண்டிய நட்டஈடு சேரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து அவர் வீட்டைத் தேடிச் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் சீறவில்லை. எஞ்சிய இரண்டு விரல்களால் தேநீர்க் குவளையைப் பிடித்து என்முன் வைத்துவிட்டு, “அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணா” என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. அன்று முதல் இன்றுவரை, பொய்யுரை தவிர்த்தல் என்ற நான்காம் சீலத்தை ஓதும்போதெல்லாம் அந்தத் தேநீர்க் குவளை என் கண்முன் வருகின்றது.

உயிரும் சுதந்திரமும் போகும் என்று அறிந்த சிப்பாய் மறுத்தார். ஒரு வேலை நிரந்தரமாகும் என்பதற்காக யான் பணிந்தேன். ஆகவே துப்பாக்கி ஏந்தியவன் சீலத்துக்குத் தூரமானவன், ஏந்தாதவன் அண்மையானவன் என்று எண்ணாதீர்கள். கட்டளை எல்லோருக்கும் வருகின்றது. ஆலையில் தாளாக வரும். அலுவலகத்தில் கோப்பாக வரும். வீட்டில் சீர்வரிசைக் கணக்காக வரும். தெருவில் அண்டை வீட்டானை வெறுக்கச் சொல்லும் பேச்சாக வரும். கொல்லும் வேலை பல நேரம் துப்பாக்கியின்றியே நடக்கின்றது.

சந்திர சிங்கின் பிற்கால வாழ்க்கையையும் கேளுங்கள். பதினொரு ஆண்டுகளுக்கு மேல் சிறைகளில் கழித்து 1941 இல் வெளிவந்தார். 1942 இல் மீண்டும் சிறை. தம் மலைநாட்டுக்கு அவர் திரும்பி வந்தது 1946 இல்தான். ஊரைவிட்டுப் போனபோது வாலிபர்; திரும்பியபோது ஐம்பத்தைந்தை எட்டியவர். பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து உழைத்தார். 1948 இல் திஹரி சமஸ்தான மக்களின் போராட்டத்தில் பங்கு கொண்டார். நாடு விடுதலை பெற்றபின் அவருக்குப் பெரும் பதவியோ செல்வமோ வந்து சேரவில்லை. எளியவராகவே வாழ்ந்து 1979 அக்டோபர் 1 அன்று மறைந்தார். பின்னர் 1994 இல் அவர் உருவம் தாங்கிய அஞ்சல் தலை வெளிவந்தது. கர்வாலின் ஸ்ரீநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. உயிர் எடுக்க மறுத்தவன் பெயர், உயிர் காக்கக் கற்பிக்கும் இடத்துக்கு வாய்த்தது பொருத்தமே. ஆனால் அதைக் காண அவர் இல்லை. நற்செயலைச் செய்தவன் அதன் நிழலில் அமர்வான் என்று எவரும் உறுதி சொல்லவில்லை. அவனுக்கு உரியது ஒன்றே. அன்றிரவு அவன் தன் முகத்தைத் தானே நோக்க முடியும்.

தம்பி, இனி உன் கேள்விக்கு வருகின்றேன். முதல் வரிசையில் உன் தாயாருக்குப் பக்கத்தில் நீ அமர்ந்திருப்பதைக் காண்கின்றேன்.

போரில் மாண்டால் சுவர்க்கம் என்று யான் சொல்லமாட்டேன். சொன்னால், அந்தப் போர்த் தலைவனை அழவைத்த ஆசிரியர்களுள் யானும் ஒருவன் ஆவேன். கொலை எவர் கட்டளையால் நேர்ந்தாலும் கொலையே. அதன் பாரத்தைச் சுமக்க வேண்டிவரும். வேறு வேலை கிடைக்குமானால் அதனைத் தேடு. இங்கு கூடியிருக்கும் நாங்களும் தேடித்தரக் கடமைப்பட்டவர்கள். உன் வீட்டுக் கடனைப் பார்த்தும் வாளாவிருந்துவிட்டு, உனக்குச் சீலம் மட்டும் போதிக்க எங்களுக்கு முகமில்லை.

எல்லாம் பார்த்தபின்பும் நீ போகவே நேர்ந்தால், முதற்சீலத்தை ஓதாதே என்று யான் சொல்லமாட்டேன். ஓது. மற்றவர்களைவிட அழுத்தமாக ஓது. உனக்கு அது வெறும் வாய்ச்சொல்லாக இராது. இனத்தையும் மதத்தையும் சொல்லி எவரேனும் உன் நெஞ்சில் வெறுப்பை விதைத்தால், அன்றிரவே மைத்திரி தியானம் செய்து அதனைக் களைந்துவிடு, மறுநாளைக்கு வைக்காதே. ஆயுதமற்றவன், சரணடைந்தவன், பெண், குழந்தை, இவர்கள்மீது உன் கை நீளக்கூடாது என்று இன்றே, இந்தப் பௌர்ணமியிலேயே தீர்மானித்துக்கொள். கணம் வந்தபின் தீர்மானிக்கலாம் என்றிருந்தால் முடியாது. எனக்கு முடியவில்லை. அந்தத் தீர்மானத்துக்கு விலை கேட்டால் ஒளியாமல் நின்று கொடு. அப்போது இந்தச் சபை உன் தாயாரைக் கைவிடாது என்ற உறுதியை எல்லோர் முன்னிலையிலும் யான் கேட்கின்றேன். கொடுப்பீர்களா, அன்பர்களே?

எழுந்த கைகளைக் கண்டேன். மகிழ்ச்சி.

இனி அனைவரும் கண்களை மூடி, சிறிது நேரம் மைத்திரி பாவனையில் அமர்வோம். நம் பிள்ளைகள் நலமாக இருக்கட்டும். எல்லைக்கு அப்பால் நிற்கும் பிள்ளைகளும் நலமாக இருக்கட்டும். அவர்களுக்காகவும் ஒரு தாய் வாசலில் நிற்கின்றாள்.

மங்களம் உண்டாகுக.